ஊர் மெச்ச ஒரு சிறுகதை எழுதுவது எப்படி?

ராயகிரியில் இருந்துகொண்டு சிறுகதை எழுதக் கிளம்பியிருக்கும் தம்பிக்குச் சில யோசனைகள்.

நீ கொடுத்துவிட்டுப் போன கதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. நாற்பது வயதுக்காரன் ஒருவன். மலையடிவாரத்தில் கொஞ்சம் எலுமிச்சை. கடன் கிடையாது, குடி கிடையாது. கல்யாணம் வேண்டாம் என்கிறான். "ஏம்ல?" என்று ஊர் கேட்கிறது. "தோணல" என்கிறான். தானே சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, திண்ணையில் படுத்து ரேடியோ கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

தம்பி, நீ இந்த ஊரில்தானே வளர்ந்தாய்? குடித்து அழிகிறவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவனையும் பொறுத்துக்கொள்ளும், பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் "எப்ப வந்த?" என்று டீ வாங்கிக் கொடுக்கும். ஆனால் ஒருத்தன் காரணமே சொல்லாமல் தன்பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தால் அவனை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியாது. அப்படி ஒருத்தனைப் பிடித்து நீ கதாநாயகனாக்கி இருக்கிறாய். அச்சில் வேறு வரப்போகிறது என்கிறாய். நம் சிவகிரிப் பக்கத்து ஊர்களில் இலக்கியம் படிக்கிறவர்கள் குறைவு என்று அலட்சியமாக இருக்காதே. கதையைப் படிக்காதவர்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

கதையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. ஊருக்குத் தோதாகக் கொஞ்சம் தட்டி எடுத்துவிடலாம். கீழே வருவது அதற்கான வழிமுறை.

ஆளுக்கு ஒரு காரணம் கொடு

தனியாக இருக்க யாருக்கும் தடையில்லை, காரணம் இருக்க வேண்டும். செவ்வாய் தோஷம் போடலாம், எல்லோருக்கும் புரியும். சின்ன வயதில் ஒருத்தியை விரும்பினான், அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று போடலாம், பெண்கள் கண்கலங்குவார்கள். எல்லாவற்றிலும் உத்தமம் மூன்று தங்கச்சிமார். மூவரையும் கரையேற்றுவதற்குள் இவனுக்கு வயசாகிவிட்டது என்று ஒரு வரி சேர்த்துப் பார். அதே ஆள், அதே திண்ணை, அதே கருவாட்டுக் குழம்பு. ஆனால் இப்போது தியாகி. இந்த ஒரு வரியை வைத்துத் தமிழ் சினிமா எத்தனையோ வருஷம் பிழைத்திருக்கிறது, நீயும் பிழைக்கலாம்.

தெருவைக் காட்டாதே

நம் ஊரில் கதை கேட்கிறவன் முதலில் கேட்பது "அப்புறம் என்ன ஆச்சு?" இல்லை. "எந்தத் தெரு?" என்பதுதான். ஆகவே பெயரைப் பார்த்து வை. சாமி பெயர் வைத்தால் குலதெய்வம் தெரிந்துவிடும், குலதெய்வம் தெரிந்தால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் சாயங்காலமே உன் அப்பாவைப் பார்க்க ஆள் வரும். குமார் என்று வை. ரமேஷும் நல்ல பெயர்தான். குமாரும் ரமேஷும் எந்தத் தெருவிலும் இருப்பார்கள், எந்தத் தெருவுக்கும் கோபம் வராது.

கிணறு, மடைவாய், கோயில் வாசல், சுடுகாட்டுப் பாதை எதுவும் கதையில் வேண்டாம். டீக்கடை கூடவே கூடாது. டீக்கடை என்று எழுதினால் யார் பெஞ்சில் உட்கார்ந்தார், யார் வெளியே நின்றார், யாருக்கு எந்தக் கிளாஸ் என்று எழுத வேண்டி வரும். 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரட்டைக் குவளையையும் கட்டப் பஞ்சாயத்தையும் ஒரே தீர்ப்பில் கண்டித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். நீதிபதிகள் டெல்லியில் இருந்தார்கள், எழுதிவிட்டார்கள். நீ நாளைக்குக் காலையில் அதே கடையில் டீ குடிக்க வேண்டியவன். உன் கதாபாத்திரங்கள் காபி குடிக்கட்டும், வீட்டுக்குள்ளேயே.

ஊருக்கு முகம் வைக்காதே

இதுதான் முக்கியமான விதி, கவனமாகக் கேள். கதையில் ஊர் பேசலாம். பேசியது யார் என்று எழுதக் கூடாது. உன் கதையில் முக்குக் கடை மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆம்பளதானால நீ?" என்று கேட்கிறார். அந்த மாமா தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எல்லா மாமாக்களும் அது தான்தான் என்று நினைப்பார்கள். அதை எடுத்துவிட்டு, "ஊரில் பலவாறாகப் பேசிக்கொண்டார்கள்" என்று போட்டுவிடு. ஒருத்தருக்கும் வலிக்காது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று உன் அம்மா சின்ன வயதிலிருந்து பயமுறுத்துகிறாளே, அந்த நாலு பேரை அவளாவது பார்த்திருக்கிறாளா? பார்த்திருந்தால் பயம் போயிருக்கும். நாலில் ஒருவர் அவளிடமே கைமாற்றுக் கடன் வாங்கியவராக இருப்பார்.

ஊருக்கு முகம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தென்காசி மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். தலித் குடும்பத்துப் பிள்ளைகள். இனிமேல் உங்களுக்கு இங்கே பண்டம் கிடையாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு என்றால் என்னவென்றே விளங்கவில்லை, திருப்பிக் கேட்டார்கள். அந்தப் பேச்சு வீடியோவாக ஊர் ஊராகச் சுற்றியது.

அந்தக் கடைக்காரர் தன் வாயால் "நான் தரமாட்டேன்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனி. ஊர் தரச் சொல்லவில்லை என்றார். தின்பண்டம் கேட்டு வரும் சின்னப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப ஒரு தனி மனிதனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். ஊர் முன்னால் வந்து நின்றுகொண்டால் அந்தக் கூச்சம் தேவையில்லை. ஆனால் போலீஸ் வந்தபோது ஊரைக் கைது செய்ய முடியவில்லை. கடைக்கு சீல் வைத்தார்கள், பெயர் உள்ளவர்களைப் பிடித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதிகம் தூசி தட்டப்படாத ஒரு பிரிவை எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊர்க்கட்டுப்பாடு என்று பேசியவர்களையே சட்டம் ஊருக்கு வெளியே நிறுத்தியது.

வீடியோவில் ஒரு முகமும் ஒரு குரலும் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. நல்ல சிறுகதை செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஊர் என்று பொதுவாகக் கேட்கும் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு ஆளை வெளியே இழுத்து, இதைச் சொன்னது நீதான் என்று காட்டிவிடுகிறது. ஆகவே நல்ல சிறுகதை எழுதாதே என்பதுதான் இந்த விதியின் சாரம். ஊர் மேகமூட்டம் மாதிரி மேலே நிற்கட்டும், மழை யார் மேல் பெய்தது என்று மட்டும் எழுது.

துணைக்கு ஆள் சேர்க்காதே

உன் கதையின் மூன்றாம் பக்கத்தில், பக்கத்து வீட்டுக் கிழவி திண்ணைப் பக்கம் வந்து, "அவன் பாட்டுக்கு இருக்கான், உங்களுக்கு என்ன?" என்று ஊரைப் பார்த்துக் கேட்கிறாள். அந்தக் கிழவியை உடனே எடுத்துவிடு. அவள்தான் கதையிலேயே ஆபத்தான ஆள். உன் நாயகனைவிட ஆபத்து.

1951-ல் சாலமன் ஆஷ் என்ற மனவியல் அறிஞர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். அட்டையில் கோடுகளை வரைந்து, எந்தக் கோடு எதற்குச் சமம் என்று கேட்டார். சின்னக் குழந்தைக்கும் தெரிகிற விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவர் செட்டப் செய்து வைத்திருந்த ஆட்கள். வேண்டுமென்றே ஒரே மாதிரி தப்பாகச் சொன்னார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர், கண்ணால் பார்த்ததை நம்புவதா, கூட இருப்பவர்களை நம்புவதா என்று திணறினார். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கதி என்றால் ராயகிரியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அவர் இன்னொன்றும் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான விடை சொல்லும்படி வைத்தார். அவ்வளவுதான், தப்பாகத் தலையாட்டுவது கால் பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டத்தை உடைக்கப் பெரும்பான்மை தேவைப்படவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி போதுமாக இருந்தது.

இது சாவடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஆஷைப் படிக்காமலே தெரியும். அதனால்தான் ஒருத்தனை ஒதுக்கி வைக்கும்போது அவனோடு பேசுகிறவர்களுக்கும் அபராதம் போடுகிறார்கள். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போனார்கள், துட்டிக்கு யார் போனார்கள் என்று கணக்கு எடுப்பது அவனுக்காக அல்ல. அந்தக் கிழவிக்காக.

முடிவு

ஊருக்கு மாறாக நடப்பவனை வைத்துக் கதை எழுதுவதில் தப்பில்லை. கடைசிப் பக்கத்தில் அவனை ஊரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எப்படி ஒப்படைக்கலாம் என்பதற்கு நம் இலக்கியத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு, கெட்ட முன்மாதிரிகளும் உண்டு.

திருநெல்வேலிக்காரர் என்பதால் புதுமைப்பித்தனிடம் போவோம். அவருடைய 'மனித யந்திரம்' கதையை நீ தைரியமாகப் பின்பற்றலாம். கடையில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு ராத்திரி கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கம்பி நீட்டத் தீர்மானித்து ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் இறங்கி வந்து, பணத்தைத் திரும்ப வைத்துவிட்டு, இடையில் செலவான சில்லறையைத் தன் பற்றில் எழுதிவிடுகிறார். ஊர் கேட்பது இதுதான். ரயிலில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திரு, விடிவதற்குள் கணக்கைச் சரிசெய்துவிட்டு வந்துவிடு. அந்தக் கதையைப் படித்து முடித்தபின் நெஞ்சில் ஏதோ இறுக்கிப் பிடிக்கிறதே என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியும், ஆனால் இந்த வழிகாட்டியில் சொல்ல மாட்டேன்.

அதே ஆளின் 'சாப விமோசனம்' பக்கம் போய்விடாதே. 1943-ல் எழுதியது. சாபம் தீர்ந்து எழுந்த அகலிகை, சீதையைத் தீயில் இறங்கச் சொன்னது ராமன்தான் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் அறிந்தவர்களுக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்ற பொருளில் கதைக்கு மேலேயே ஒரு குறிப்பையும் வைத்தார். நீ வைக்க வேண்டிய குறிப்பு வேறு: "இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே." அதையும் இரண்டு இடத்தில் போடு.

சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு கதையைச் சொல்கிறேன். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழையில் நனைந்து நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். கெட்டுப்போனாள் என்று உலகம் சொல்லும் நிலைமையில் அவள் வீடு திரும்புகிறாள். தாய் அடிக்கிறாள், அழுகிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அந்த வீட்டு வாசலுக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். தமிழ்நாடு கொதித்தது. கொதித்தவர்களின் கோபம் காரில் வந்தவன் மேல் இல்லை. ஊரைக் கலந்துகொள்ளாமல், ஒரு குடம் தண்ணீரில், ஒரு தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாளே, அதன் மேல்.

அப்புறம் ஜெயகாந்தன் செய்ததுதான் வேடிக்கை. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். ஊர் விரும்பியபடியே கதையை மாற்றிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள். விளைவு? நாவலில் கங்கா என்ற பெயரோடு வரும் அந்தப் பெண்ணின் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதை முந்நூறு பக்கத்துக்கும் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டி வந்தது. நீங்கள் கேட்ட முடிவு இதுதான், விலை இவ்வளவு என்று பில் போட்டு நீட்டியதுபோல் ஆகிவிட்டது. அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசு வேறு. நீ இந்த வழிக்கெல்லாம் போகாதே. ஊர் சொன்னபடி கதையை மாற்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பின்விளைவை எழுதக் கூடாது.

இதற்கெல்லாம் மனசு வரவில்லை, என் ஆள் கடைசிவரை அடங்காமலேதான் இருப்பான் என்று பிடிவாதம் பிடிக்கிறாயா? அதற்கும் நம் ஜில்லாவில் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அவனைக் கொன்று சாமியாக்கிவிடு.

நீ வில்லுப்பாட்டில் கேட்டிருப்பாய், முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன். காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சியைப் பார்க்கிறான். சக்கிலியர் சமூகத்தில் மாட்டுக்கிடை காவல் காக்கும் வாலப்பகடையின் மகள்கள். மணந்தால் இவர்களைத்தான் என்கிறான். பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, தோல் வேலை படித்து, செருப்புத் தைத்துக் காட்டிய பிறகுதான் பெண்ணின் தகப்பன் சம்மதிக்கிறார். கல்யாணமான ராத்திரியே கிடையை மறிக்க வந்த திருடர்களோடு சண்டை போட்டு முத்துப்பட்டன் செத்துப்போகிறான், பெண்கள் தீயில் இறங்குகிறார்கள். இன்றைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயன். ஆடி அமாவாசைக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பாய். நேர்த்திக்கடனாகச் செருப்பைக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். செருப்புத் தைத்ததற்காகச் சொந்தம் விலகிப்போன ஆளுக்குச் செருப்பையே காணிக்கையாக வைக்கிற ஊர் நம் ஊர். உயிரோடு திண்ணையில் படுத்து ரேடியோ கேட்டால்தான் பிரச்சினை. செத்துவிட்டால் கொடை கொடுப்போம், தலைக்கட்டு வரி போட்டு.

அப்படியும் ஊருக்கு மனசு ஆறவில்லை. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்தபோது, வெவ்வேறு பாடங்களை வைத்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். பிற்காலத்துப் பாடங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்களாகவே ஆகிவிட்டார்கள். காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். முடிந்தது. பிராமணன் பிராமணப் பெண்களைத்தான் கட்டினான், யாரும் எதையும் மீறவில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். 1956-ல் வந்த 'மதுரை வீரன்' படத்திலும் வீரன் ஒரு ராஜாவின் பிள்ளை. செருப்புத் தைக்கும் குடும்பம் வளர்த்த பிள்ளை, பெற்ற பிள்ளையில்லை.

ஒரு கதையை ஊர் எப்படித் திருத்தும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான பாடம் எங்கும் கிடைக்காது. ஒரு காட்சியைக்கூட வெட்டவில்லை. காதல் இருக்கிறது, செருப்பு இருக்கிறது, சண்டை இருக்கிறது, தீ இருக்கிறது. முன்னால் ஒரே ஒரு பிறப்புக் குறிப்பைச் சேர்த்தார்கள், கதை முழுக்க அர்த்தம் மாறிவிட்டது. மூன்று தங்கச்சிமாரை உன் கதையில் சேர்க்கச் சொன்னேனே, அந்த வித்தை என்னுடையது இல்லை. நம் புலவர்களிடமிருந்து கற்றது.

எழுதுவது தங்கச்சியாக இருந்தால்

மேலே சொன்ன எதுவும் செல்லாது. ஆணுக்கு, எழுதியது என்ன என்பதில்தான் கேள்வி. பெண் என்றால் எழுதினாள் என்பதிலேயே கேள்வி. சொந்தப் பெயரைப் போடக் கூடாது. துவரங்குறிச்சியில் ரொக்கையா என்ற பெண்ணைப் பெரியவளானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். அவர் ஒளித்து ஒளித்து எழுதியது, வீட்டாருக்குத் தெரியாமல் வெளியே போய், சல்மா என்ற பெயரில் அச்சானது. 2001-ல் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது நிற்க ஆள் தேவைப்பட்டது. எந்த ஊர் அவரைத் தெருவில் பார்க்க விரும்பவில்லையோ அதே ஊர் ஓட்டுப் போட்டுத் தலைவராக்கியது. 2025-ல் மாநிலங்களவைக்கும் போய்விட்டார்.

நம் ராயகிரியும் பேரூராட்சிதான். இதைப் படிக்கும் தங்கச்சிகள் யாராவது இருந்தால் இந்தப் பத்தியை மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

எங்கிருந்து எழுதுவது

ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்றால் முதலில் ஊரை விட்டுப் போ. புதுமைப்பித்தன் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்துச் சென்னைக்குப் போய்த்தான் திருநெல்வேலியை உரித்தார். கி. ராஜநாராயணன் இடைசெவலில் இருந்தே எழுதினார் என்பது உண்மை, ஆனால் அவர் விதிவிலக்கு. அவரும் கடைசியில் புதுச்சேரிக்குப் போய்விட்டார். 2021 மே மாதம் அங்கே காலமானபோது அரசு மரியாதையோடு இடைசெவலுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள், கோவில்பட்டியில் நினைவரங்கமும் கட்டினார்கள். உனக்கும் ஒரு நாள் கட்டுவார்கள். திறப்பு விழா மேடையில் முக்குக் கடை மாமா தலைமை தாங்குவார், "அவன் எனக்குப் பிள்ளை மாதிரி" என்று பேசுவார். அதுவரை சென்னையில் வாடகை கொடு.

கடிதங்கள்

இவ்வளவும் செய்தும் கதை யாரையாவது சுட்டுவிட்டால் கடிதம் வரும், இப்போது வாட்ஸ்அப்பில் வரும். கலங்காதே, உனக்கு மட்டும் நடப்பதில்லை. 1948 ஜூனில், புதுமைப்பித்தன் இறந்த அதே வருஷம், ஷெர்லி ஜாக்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 'தி லாட்டரி' என்ற சிறுகதையை 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். ஒரு கிராமம். வருஷா வருஷம் எல்லோரும் கூடிச் சீட்டுக் குலுக்குகிறார்கள். சீட்டு விழுந்த ஆளை எல்லோரும் சேர்ந்து கல்லால் அடிக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் ஞாபகமில்லை, வழக்கம். அந்தக் கோடை முழுக்க நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. வைதவர்கள் உண்டு, சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விட மோசமானவை என்று எனக்குத் தோன்றுவது, இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்து வந்த கடிதங்கள்.

நம்மிடம் அப்படி விசாரிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. இமையம் 2012-ல் 'பெத்தவன்' எழுதினார். தாழ்த்தப்பட்ட சாதிப் பையனை விரும்பிய மகளைக் கொன்றுவிடும்படி ஊர் கூடித் தகப்பனுக்கு உத்தரவு போடுகிறது. தகப்பன் ராத்திரியோடு ராத்திரியாக மகளை வழியனுப்பிவிட்டுத் தன் உயிரை விடுகிறார். அதே வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி, ஒரு காதல் கல்யாணத்தைத் தொடர்ந்து, தருமபுரி நாயக்கன்கொட்டாயிலும் பக்கத்திலும் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. நடக்கப்போவதை முன்கூட்டி எழுதாதே என்று ஒரு விதி சேர்க்கலாம்தான். ஆனால் நடந்துகொண்டே இருப்பதை முன்கூட்டி எழுதுவது எப்படி முடியும் என்று நீ திருப்பிக் கேட்பாய்.

சரி, வழிமுறை இவ்வளவுதான். இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கதையைத் திருத்து. தங்கச்சிமாரைச் சேர், பெயரைக் குமார் என்று மாற்று, டீக்கடையை மூடு, மாமாவின் வாயை அடை, கிழவியை வீட்டுக்கு அனுப்பு, கடைசியில் அவனுக்கு ஒரு பெண் பார்த்து முடித்துவை. எல்லாம் செய்து முடித்தபின் ஒரு தடவை வாசித்துப் பார். ஊரில் ஒருத்தருக்கும் மனசு நோகாது. ஒருத்தரும் படிக்கவும் மாட்டார்கள்.

எதையும் மாற்றக் கை வரவில்லை என்றால், அந்தப் பழைய பிரதியைத் திரும்ப என்னிடம் கொண்டுவராதே. நேராகப் பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடு. தபாலில் வேண்டாம், தபால் ஆபீஸில் உன் அம்மாவைத் தெரியும்.